தாழொலியை ஆளும் முறை
(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

ஒலி இல்லாத உலகத்தை நம்மால் எண்ணிப் பார்க்கவும் இயலாது. விடியலில் பழமலைநாதர் கோயில் மணி, பகலில் ரயில் சந்திப்பின் ஊதொலி, மாலையில் தேநீர்க் கடைப் பாட்டு என்று நம் விருத்தாசலத்தின் ஒவ்வொரு நாளும் ஒலிகளால் கோக்கப்பட்டதே. அவற்றுள் தாழ்ந்த அதிர்வெண் உடைய ஒலியை, அதாவது நாம் 'பேஸ்' என்று கூறுவதை, வீட்டு ஸ்டீரியோவில் ஒழுங்குபடுத்துவது எப்படி என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதை எழுதத் தூண்டியவர் என் தந்தையார். பீங்கான் பட்டறை ஒன்றில், மண் அரைக்கும் பால்மில் அருகே இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். சென்ற பொங்கலுக்கு என் அண்ணன் இரண்டு சிறு பெட்டிகளும் ஒரு சப்வூஃபரும் கொண்ட ஸ்டீரியோ வாங்கி வந்தார். பழைய பாடல்களைப் போட்டோம். சற்று நேரம் கேட்ட அப்பா, "சத்தம் கேக்குதுப்பா, சொல்லுதான் கேக்கல" என்றார். அண்ணன் பேஸைக் கூட்டினார். சன்னல் கம்பி அதிர்ந்தது. அப்பா எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "இயற்பியல் படிக்கிறவனாச்சே, நீ பாருடா" என்றார் அண்ணன்.

தாழொலியின் இயல்பு

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்சு வரை கேட்கும். ஒலியின் வேகம் நம் ஊர் வெப்பத்தில் நொடிக்கு 345 மீட்டர் அளவில் இருக்கும். எனவே 2,000 ஹெர்ட்சு ஒலியின் அலைநீளம் ஒரு சாண் கூட இல்லை. 40 ஹெர்ட்சு ஒலிக்கோ 8.6 மீட்டர்! நம் வீட்டு அறையைவிட அலை பெரிது என்பதை நினைவில் கொள்க.

ஒரே அளவு உரப்பைத் தர, அதிர்வெண் பாதியானால் ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு தொலைவு முன்பின் அசைய வேண்டும். நான்கு அங்குலக் கூம்பால் இது ஆகாது. ஆகவேதான் அகன்ற, கனத்த கூம்புடைய சப்வூஃபர் தனியே தேவைப்படுகிறது. கனம் கூடினால் சுருதி தாழும் என்பதை நம் மிருதங்க வித்துவான்கள் நெடுங்காலமாக அறிவர். தொப்பியில் ரவைப் பசையை அப்பி அதன் ஒலியைத் தாழ்த்துவது அதனால்தான். மிருதங்கத்தின் இசையியல்பை சர் சி. வி. இராமன் ஆராய்ந்து 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

ஒலிபெருக்கியும் பீங்கானும்

ஒலிபெருக்கியின் பின்புறம் உள்ள கருநிறக் காந்த வளையம் பெரும்பாலும் ஃபெரைட் ஆகும். அதுவும் ஒரு செராமிக் பொருளே! இரும்பு ஆக்சைடுடன் பேரியம் அல்லது ஸ்ட்ரான்சியம் கார்பனேட்டைக் கலந்து, சுட்டு, அரைத்து, அச்சில் அழுத்தி, சூளையில் மீண்டும் 1,200 டிகிரி செல்சியசு அளவில் சுடுகிறார்கள். அரைத்தலும் அச்சும் சூளையும் நம் ஊர்க்காரருக்குப் புதியன அல்லவே!

பணிப் பங்கீடு

தாழொலியைச் சப்வூஃபருக்கும் எஞ்சியதைப் பெட்டிகளுக்கும் பிரித்தனுப்புவதே பேஸ் மேனேஜ்மெண்ட். பிரிக்கும் எல்லைக்குக் கிராஸ்ஓவர் என்று பெயர். 80 ஹெர்ட்சு பரவலாகக் கொள்ளப்படும் எல்லை. அதற்குக் கீழுள்ள ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று செவி எளிதில் அறியாது. ஆகவே சப்வூஃபர் ஒன்றே போதும். எங்கள் கருவியில் அந்தத் திருகு 150-இல் நின்றது. ஆண் குரலின் அடித்தளமும் சப்வூஃபரில் புகுந்து மழுங்கியது. பெட்டிகள் மிகச் சிறியவை ஆதலால் அதை 100-இல் நிறுத்தினேன்.

அறையின் பங்கு

எங்கள் அறை 12 அடி நீளம், 10 அடி அகலம். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நிலையலை உண்டாகும் அதிர்வெண், ஒலி வேகத்தை இருமடங்கு நீளத்தால் வகுத்தால் கிடைக்கும். அதன்படி 47, 57 ஹெர்ட்சுகளில் எங்கள் அறை தானே முழங்கும். நிலையலையின் அழுத்தம் சுவரோரத்தில் மிகுதி, நடுவில் குறைவு. எங்கள் சப்வூஃபரோ மூலையில் இருந்தது; அப்பாவின் கட்டில் எதிர்ச் சுவரை ஒட்டிக் கிடந்தது. முழக்கம் மிகுந்த இரண்டு இடங்களையும் நாங்களே தேடிப் பிடித்திருந்தோம்!

இதற்கு எளிய வழி உண்டு. ஒலிமூலமும் செவியும் இடம் மாறினாலும் பலன் மாறாது என்பது ஒலியியல் விதி. எனவே சப்வூஃபரைக் கட்டிலின் மேல் வைத்து, பாட்டைப் போட்டுவிட்டு, நான் சுவரோரமாகத் தவழ்ந்து சென்று கேட்டேன். அம்மா சிரித்தார். நீளச் சுவரின் நடுவில் ஒலி சீராக இருந்தது. சப்வூஃபரை அங்கே வைத்தோம். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளினோம். பின்புறமுள்ள 'ஃபேஸ்' பொத்தானை இருபுறமும் மாற்றிப் பார்த்து, ஒலி நிறைவாக இருந்த நிலையில் விட்டோம். இறுதியாகப் பேஸின் அளவைக் குறைத்தோம்.

குறைத்தது ஏன்?

உரத்த தாழொலி தன்னைவிட உயர்ந்த அதிர்வெண் ஒலிகளை மறைத்துவிடும் என்று வெகல், லேன் என்னும் அறிஞர்கள் 1924-இல் காட்டினர். சொற்களைத் தெளிவாக்கும் மெய்யொலிகள் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்சுக்கு மேல் உள்ளன. ஆலை இரைச்சலில் உழைத்தவர் செவி முதலில் இழப்பதும் 4,000 ஹெர்ட்சை ஒட்டிய பகுதியையே. அப்பாவின் செவியில் எஞ்சியிருந்த சொல்லையும் நாங்கள் கூட்டிய பேஸ் விழுங்கிவிட்டது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

மறுபடியும் பாட்டைப் போட்டோம். அப்பா திண்ணையிலிருந்து வந்து கட்டிலில் அமர்ந்தார். இரண்டாவது அடியில் அவர் உதடுகளும் அசைந்தன. "இப்ப பரவால்ல" என்றார். எல்லாச் சொல்லும் கேட்டதா என்று நான் கேட்கவில்லை. உட்செவியில் அழிந்த மயிரணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. எந்த ஸ்டீரியோவும் அவற்றைத் திருப்பித் தராது.

நண்பர்களே! 85 டெசிபல் இரைச்சலில் நாள்தோறும் எட்டு மணி நேரம் இருப்பது செவிக்குக் கேடு என்பர் அறிஞர். நம்முள் பலருடைய தந்தையரும் அண்ணன்மாரும் அரைவை எந்திரங்களின் அருகில் நிற்பவர்கள். அவர்களுக்குச் செவியடைப்பான் வாங்கிக் கொடுப்போம், அணியுமாறு வற்புறுத்துவோம். நாம் கற்கும் ஒலியியல் முதலில் நம் வீட்டுக்குப் பயன்படட்டும்.