அமைதி காத்த வீரர்

நாட்டின் எல்லையில் நின்று போர் புரியும் வீரனுக்குப் பகைவன் யார் என்பதில் ஐயம் எழுவதில்லை. எதிரே படைதிரட்டி வருபவன் பகைவன். அவனை வெல்வதே கடமை. அமைதி காக்கச் செல்லும் வீரனின் நிலை அத்தகையதன்று. அவன் செல்வது வேற்று நாட்டு நகரம். அதன் தெருக்களில் கடைக்காரரும் பெண்டிரும் பள்ளிச் சிறுவரும் நடமாடுவர். துப்பாக்கி ஏந்தியவரும் அவர்களிடையே கலந்திருப்பர். இன்று புன்முறுவலோடு வழிவிட்டவர் நாளை வழிமறிக்கக்கூடும். எவரையும் முன்னதாகவே பகைவரெனக் கொள்ளாமலும், எவரிடத்தும் விழிப்பைக் கைவிடாமலும் இருத்தல் அவனுக்கு உரிய அரிய கடமையாகும்.

ஐக்கிய நாடுகள் சபை 1948-ஆம் ஆண்டிலிருந்து இப்பணிக்குப் பல நாட்டு வீரர்களை அனுப்பி வருகின்றது. அவர்களுக்கு மூன்று நெறிகள் உண்டு. பூசலில் ஈடுபட்ட தரப்பினரின் இசைவைப் பெற்றிருத்தல் முதலாவது. எப்பக்கமும் சாராதிருத்தல் இரண்டாவது. தற்காப்புக்காகவும், ஒப்படைக்கப்பட்ட பணியைக் காப்பதற்காகவும் அன்றிப் படைவலியைப் பயன்படுத்தாமை மூன்றாவது. இந்நெறிகளை ஏட்டில் எழுதுதல் எளிது. தெருமுனையில் கடைப்பிடித்தல் எளிதன்று. அங்கே அவற்றைக் கடைப்பிடிக்க வேண்டியவன் பெரும் படைத்தலைவன் அல்லன். பத்துப் பதினைந்து வீரரோடு சுற்றுக்காவல் வரும் சிறு பிரிவின் தலைவனே ஆவான். குண்டுகள் பாயும்போது தலைமை நிலையத்தைக் கேட்டு விடைபெறும் வரை காத்திருக்க இயலாது. சுடுவதா, பொறுப்பதா, முன்னேறுவதா, பின்வாங்குவதா என்று அவனே முடிவு செய்தல் வேண்டும். காலம் தாழ்த்தினால் தன் வீரர் மடிவர். அவசரப்பட்டால் குற்றமற்ற மக்கள் மடிவர்.

இத்தகைய இக்கட்டில் சிக்கிய இளைஞர் ஒருவரின் வரலாறு அறியத்தக்கது. அவர் பெயர் குர்பச்சன் சிங் சலாரியா. 1935-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் பஞ்சாப் மாகாணத்தில் பிறந்தார். 1947-இல் நாடு பிரிவுற்றபோது அவர் பிறந்த ஊர் பாகிஸ்தானுக்கு உரியதாயிற்று. அவர் குடும்பம் இந்தியாவிலுள்ள குர்தாஸ்பூர் மாவட்டத்தில் குடியேறியது. தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் பயின்று, 1957-இல் படையதிகாரி ஆனார். பின்னர், முதலாம் கூர்க்கா துப்பாக்கிப் படையின் மூன்றாம் பட்டாளத்தில் காப்டனாகப் பணியாற்றினார்.

ஆப்பிரிக்காவின் நடுவே அமைந்த காங்கோ நாடு 1960-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் பெல்ஜியத்தின் ஆட்சியினின்றும் விடுதலை பெற்றது. இரு வாரம் கழியுமுன்னரே, செம்பு முதலிய கனிவளம் மிக்க கட்டங்கா மாநிலம் சோம்பே என்பவரின் தலைமையில் தனி நாடெனத் தன்னை அறிவித்துக்கொண்டது. ஐரோப்பியக் கூலிப்படையினர் அதற்குத் துணை நின்றனர். காங்கோ அரசின் வேண்டுகோளை ஏற்று ஐக்கிய நாடுகள் சபை அங்கே படை அனுப்பியது. உள்நாட்டுப் போரைத் தடுக்க வேறு வழியே இல்லையெனில் இறுதியாகப் படைவலியைப் பயன்படுத்தலாம் எனப் பாதுகாப்புச் சபை 1961 பிப்ரவரியில் இசைவளித்தது. அவ்வாண்டில் இந்தியப் படைப்பிரிவு ஒன்றும் காங்கோ சென்றது. சபையின் தலைமைச் செயலாளர் டாக் ஹமர்ஷெல்ட், சோம்பேயுடன் பேச்சு நடத்தச் செல்லும் வழியில் செப்டம்பர் 18-ஆம் நாள் விமான விபத்தில் உயிர் நீத்தார். அமைதிப் பேச்சு தளர்ந்தது, பூசல் முற்றியது.

கட்டங்காவின் தலைநகர் எலிசபெத்வில். டிசம்பர்த் தொடக்கத்தில் கட்டங்காப் படையினர் அந்நகர்ச் சாலைகளில் தடைகள் அமைத்தனர். பல சாலைகள் கூடும் வட்டச் சந்தி ஒன்றும் அவர்கள் கைப்பட்டது. அதனை விடுவிக்காவிடில் நகரிலிருந்த ஐக்கிய நாடுகள் தலைமை நிலையம் முற்றுகைக்கு உள்ளாகும் நிலை. எனவே டிசம்பர் 5-ஆம் நாள் கூர்க்காப் பட்டாளத்துக்கு ஆணை பிறந்தது. பட்டாளத்தின் ஒரு பகுதி சந்தியை நேரே தாக்கும். சலாரியா விமான நிலையத்தின் பக்கமிருந்து வந்து, தடையிலுள்ளோர் தப்பிச் செல்லும் வழியை அடைத்து நிற்க வேண்டும். இதுவே திட்டம். அவரோடு சென்றவர் ஏறத்தாழ 16 கூர்க்கா வீரர். ஸ்வீடன் நாட்டுக் கவச வண்டிகள் இரண்டும் உடன் சென்றன.

பிற்பகல் 1 மணி 12 நிமிட அளவில், சந்திக்கு 1,500 கஜத் தொலைவில் அவர்கள் வந்தபோது, வலப்புறத்திலிருந்து குண்டுகள் மழையெனப் பொழிந்தன. அங்கே பதுங்குகுழிகளில் எதிரிகள் இருந்ததை முன்னதாக எவரும் அறிந்திலர். அவர்கள் சுமார் 90 பேர். கவச வண்டிகளும் இரண்டு வைத்திருந்தனர்.

திட்டத்தில் இடம்பெறாத நிலை இது. தன் வீரரைக் காக்கப் பின்வாங்கியிருக்கலாம். அதனைப் பிழையென எவரும் கூறியிரார். இருந்த இடத்திலேயே பதுங்கித் துணைப்படைக்குக் காத்திருக்கலாம். ஆயினும் சலாரியா தம் இடர் ஒன்றை மட்டும் நோக்கினார் அல்லர். இது சந்தியின் தடைக்குத் துணையாக அமைந்த மற்றொரு தடை என்பதை உணர்ந்தார். இந்த 90 பேரும் சந்தியை அடைந்தால், அங்கே நேரே தாக்கும் தம் பட்டாளம் இடருக்கு உள்ளாகும். திட்டம் முழுவதும் சிதையும். தம்மிடம் கூறப்பட்டது ‘வழியை அடைத்து நில்’ என்பதே; அதன் உட்பொருளோ ‘சந்திக்கு இடையூறு நேராமல் காப்பாய்’ என்பதாகும். ஆணையின் சொல்லைக் கடந்து அதன் பொருளை அவர் பற்றிக்கொண்டார். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என வள்ளுவர் தனித்தனி அதிகாரங்களாக வகுத்த மூன்றையும் அவர் சில நொடிகளில் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. எண்ணிக்கையில் வலி குறைவு. இடமும் பகைவருக்கே ஏற்றது. எஞ்சியது காலம் ஒன்றே. எதிரி எதிர்பாராத அந்நேரமே தமக்கு உரிய நேரம் எனத் துணிந்தார்.

ராக்கெட் குண்டுகளின் துணையோடு, துப்பாக்கிமுனை ஈட்டியும் குக்ரிக் கத்தியும் எறிகுண்டும் ஏந்திக் கூர்க்காக்கள் பாய்ந்தனர். முன்னே சென்றவர் சலாரியா. எதிரிகளின் கவச வண்டிகள் இரண்டும் அழிந்தன. நாற்பதின்மர் மாண்டனர், எஞ்சியோர் திகைத்து ஓடினர். கழுத்தில் குண்டு பாய்ந்தும் சலாரியா, குருதி வடிந்து நினைவிழந்து விழும் வரை போரிட்டார். பின்னர் அக்காயத்தாலேயே உயிர் நீத்தார். அவருக்கு 26 வயது நிறைந்து ஆறு நாட்களே ஆகியிருந்தன. சந்தி மீண்டது, தலைமை நிலையமும் முற்றுகைக்குத் தப்பியது.

இந்திய அரசு அவருக்குப் பரம வீர சக்கரம் வழங்கியது. ஐக்கிய நாடுகள் அமைதிப் பணியில் அவ்விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே. 1963 ஜனவரியில் கட்டங்காவின் பிரிவினை முடிவுற்றது. எலிசபெத்வில் இன்று லுபும்பாசி என வழங்குகின்றது.

அன்று மாண்ட நாற்பதின்மரும் தாய் பெற்ற மக்களே. அமைதியை நாடிச் சென்ற படை அவர்களைக் கொல்ல நேர்ந்தது துயரமே அன்றிப் பெருமை ஆகாது. இதனை நன்கு உணர்ந்தமையாலேயே உலக நாடுகள் படைவலியை இறுதி வழியாக வைத்தன. சலாரியாவின் புகழ் அவர் கொன்றவர் எண்ணிக்கையில் இல்லை. தம்மை நோக்கிக் குண்டுகள் பாய்ந்த அவ்வேளையிலும், கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருந்த தோழரின் பாதுகாப்பை எண்ணியதில் இருக்கின்றது.

நொடிப்பொழுதில் செய்யும் முடிவு நொடிப்பொழுதில் பிறப்பதன்று. பல்லாண்டுப் பயிற்சியும், இடப்பட்ட பணியின் நோக்கத்தை ஆராய்ந்து அறியும் பழக்கமும், பிறர்க்கெனப் பொறுப்பேற்கும் உள்ளமும் சேர்ந்தே அதனை உருவாக்குகின்றன. படைவீட்டில் மட்டுமன்றிப் பள்ளியிலும் பழகத்தக்க பண்புகள் இவை.