பிள்ளைகளை ஒப்படைக்கும் முன்



நான் கடைத்தெருவில் மளிகை வியாபாரம் செய்கிறவன். எனக்குள்ள படிப்பு மதரஸாவில் ஓதியதும், தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்ததுமே. சட்டத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒன்று சொல்வேன். என் கடைத் தராசுக்கு முத்திரை இல்லையென்றால் அதிகாரி அபராதம் போடுவார். கால் கிலோ பருப்பில் பத்துக் கிராம் குறைந்தால் நீங்களே என்னைச் சும்மா விடமாட்டீர்கள். அப்படிப்பட்ட நாம், இரண்டு வயதுப் பிள்ளையைக் காலை ஏழு மணிக்கு ஒரு வாசலில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறோமே, அங்கே என்ன முத்திரை பார்த்தோம்?

மற்றவர்களைக் கேட்குமுன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2018இல் என் கடைசி மகனுக்கு இரண்டு வயது. அவன் தாயும் கடையில் நின்றாக வேண்டிய காலம் அது. பக்கத்துத் தெருவில் வயதான ஓர் அம்மாள் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். மாதம் 200 வெள்ளி. நல்ல மனுஷி, பிள்ளைகளும் ஒட்டுதலாக இருந்தன. ஒருநாள் நண்பகலில் பையனுடைய சட்டை ஒன்றைக் கொடுக்கப் போனேன். இரும்புக் கிரில்லில் பூட்டுத் தொங்கியது. கம்பிக்குள்ளிருந்து என் மகனும் வேறு ஆறு பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். உள்ளே அடுப்பில் சட்டி கொதிக்கும் சத்தம் கேட்டது. அம்மாள் மீன் வாங்கப் போயிருந்தார். சாவி அவர் மடியில். இருபது நிமிஷம் வெளியே நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. அவர் வந்து சிரித்துக்கொண்டே திறந்தார். நானும் சட்டையைக் கொடுத்துவிட்டுக் கடைக்குத் திரும்பினேன்.

ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரணம் வெட்கமானது: 200 வெள்ளிக்கு வேறு இடம் கிடைக்காது. அதற்குப் பிறகும் நாலு மாதம் அங்கேதான் அனுப்பினேன். வீட்டில் சொன்னதே நாலு மாதம் கழித்துத்தான். மறுநாளே அவள் பிள்ளையை நிறுத்திவிட்டாள். என்னோடு இரண்டு நாள் பேசவுமில்லை.

நிற்க. சட்டம் சொல்வது என்னவென்று என் மூத்த மகளைப் படித்துச் சொல்லச் சொன்னேன். நம் மலேசியாவில் 1984ஆம் வருஷத்துக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் ஒன்று உண்டு. 308ஆம் எண் சட்டம் என்பார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் நாலு பேரோ அதற்கு மேலோ கூலிக்குப் பார்த்துக்கொள்ளப்படும் இடம் எதுவானாலும் அது ‘தாஸ்கா’; சமூகநல இலாகாவில் பதிந்தாக வேண்டும். சொந்த வீட்டில் பத்துப் பேருக்குக் குறைவாக வைத்துப் பார்த்தாலும் வீட்டு மையம் என்று தனி வகையில் பதிவு உண்டு. ‘நான் வீட்டில்தானே பார்க்கிறேன், எனக்கு எதற்குப் பதிவு?’ என்பவர்களுக்கு இதுவே பதில். நாலு வயது முதல் ஆறு வயது வரையிலான பாலர் பள்ளிகள் 1996ஆம் வருஷத்துக் கல்விச் சட்டத்தின்கீழ்க் கல்வி அமைச்சைச் சேர்ந்தவை. ஆகவே பிள்ளைக்கு மூன்று வயதென்றால் சமூகநல இலாகாவின் சான்றிதழைக் கேளுங்கள். ஐந்து வயதென்றால் கல்வி அமைச்சின் சான்றிதழைக் கேளுங்கள். சுவரில் மாட்டியிருந்தால் மட்டும் போதாது, அதிலுள்ள விலாசமும் தேதியும் பார்க்க வேண்டும். பழைய கடையின் லைசென்சைப் புதுக் கடையில் மாட்டி வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி வியாபாரி என்ற முறையில் எனக்குப் புரிந்த பகுதிக்கு வருகிறேன். ஒரு பராமரிப்பாளர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கலாம்? ஒரு வயதுக்குக் கீழ் என்றால் மூன்று. ஒன்று முதல் மூன்று வயது வரை ஐந்து. மூன்று முதல் நாலு வயது வரை பத்து. இதைப் படித்ததும் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஊழியர் சேமநிதிக்கு முதலாளி போட வேண்டிய 13 விகிதம் 221 வெள்ளி. ஆக 1,921. இதை மூன்று கைக்குழந்தைகளுக்குப் பங்கிட்டால் தலைக்கு ஏறக்குறைய 640 வெள்ளி. ஐந்து பிள்ளைகளுக்கு என்றால் 384 வெள்ளி. வாடகை, தண்ணீர், மின்சாரம், சாப்பாடு, முதலாளியின் பங்கு எதுவும் இன்னும் சேரவில்லை. அப்படியிருக்க, கைக்குழந்தையை 250 வெள்ளிக்குப் பார்க்கிறோம் என்று ஓர் இடம் சொன்னால், அங்கே ஒன்று ஆள் குறைவு, அல்லது ஆளுக்குச் சம்பளம் குறைவு. அடக்க விலைக்குக் கீழே சரக்கு விற்கிறவனைக் கண்டால் நாம் சந்தேகப்படுவதில்லையா? அதே சந்தேகம் இங்கேயும் வேண்டும்.

‘ஏழைக்கு 640 வெள்ளிக்கு எங்கே போவது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பதிவு பெற்ற மையத்தில் கட்டிய கட்டணத்துக்கு, ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு, 2020ஆம் வரி ஆண்டு முதல் 3,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு கொடுத்து வந்திருக்கிறார்கள், ரசீது வேண்டும். ஆனால் வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத தாய்க்கு இதனால் காலணாப் பிரயோசனமில்லை. இரண்டு மூன்று பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொள்ளும் சாச்சியோ பக்கத்து வீட்டுக்காரரோ சட்டத்துக்குள் வரமாட்டார். குறைந்த செலவில் அதுவும் ஒரு வழிதான். ஆனால் கீழே நான் எழுதுகிறவை அவருக்கும் பொருந்தும். நெருப்புக்குப் பதிவு எண் தெரியாது.

முதலில் அந்தப் பூட்டு. திருடனுக்குப் பயந்தும், பிள்ளை ரோட்டுக்கு ஓடிவிடுமோ என்றும் பூட்டுகிறார்கள். அதில் தப்பில்லை. சாவி எங்கே என்பதுதான் கேள்வி. 2017 செப்டம்பர் 14 அன்று விடியற்காலையில் கோலாலம்பூர் கம்போங் டத்தோ கெராமாட்டில் ஒரு சமயப் பள்ளி விடுதியில் பற்றிய தீயில் 23 பேர் மாண்டார்கள். அவர்களில் 21 பேர் மாணவர்கள். ஜன்னல்களில் இரும்புக் கம்பி இருந்ததால் வெளியேற வழியில்லாமல் போயிற்று. அந்த வயதுப் பையன்களுக்கே அந்தக் கதியென்றால், நடக்கத் தெரியாத குழந்தை என்ன செய்யும்? எனவே சாவி கதவுக்குப் பக்கத்திலேயே, பெரியவர் கைக்கு எட்டும்படியும் பிள்ளை கைக்கு எட்டாதபடியும் ஆணியில் தொங்க வேண்டும். அந்த இடம் எல்லாப் பெரியவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் இருக்கும்போது ஒரு பெரியவராவது உள்ளே இருக்க வேண்டும். மையத்தைப் பதிவதற்குத் தீயணைப்பு இலாகா, சுகாதார இலாகா, ஊராட்சி மன்றம் ஆகியோரின் சம்மதம் கேட்பது இதற்காகத்தான்; நம்மை அலைக்கழிப்பதற்காக அல்ல. அலைக்கழிக்கவும் செய்கிறார்கள், அது வேறு விஷயம்.

அடுத்து தூக்கம். ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். படுக்கை கெட்டியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். தலையணை, தடித்த போர்வை, பொம்மை எதுவும் அருகில் கூடாது. 1991இல் பிரிட்டனில் இதை நாடு முழுக்கச் சொல்லிக்கொடுத்த பிறகு, தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தைகளின் தொகை பாதிக்கு மேல் குறைந்தது. சாரோங் தொட்டிலில் நெடுநேரம் போட்டுவைப்பதும் நல்லதல்ல. துணி மடங்கி முகம் மூடலாம், கழுத்து மடிந்து மூச்சு அடைக்கலாம். இதை என் தாயார் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ‘உங்கள் எட்டுப் பேரையும் எதில் வளர்த்தேன்?’ என்கிறார். பால் புட்டியைத் தலையணையில் முட்டுக்கொடுத்துக் குழந்தை வாயில் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பது மட்டும் எவரும் ஒப்பத் தகாதது. பால் புரையேறினால் அந்தக் குழந்தையால் புட்டியைத் தள்ளவும் முடியாது, கூப்பிடவும் முடியாது. மூன்று குழந்தைகளுக்கு ஓர் ஆள் என்று சட்டம் ஏன் சொல்கிறது என்பது இங்கே விளங்கும். கை இரண்டுதான்.

புரையேறுவது பாலில் மட்டுமல்ல. வேர்க்கடலை, முழுத் திராட்சை, லோங்கான் கொட்டை, ரம்புத்தான் கொட்டை இவை சின்னப் பிள்ளைகளுக்கு எமன். திராட்சையை நீளவாக்கில் நறுக்கித்தான் கொடுக்க வேண்டும். இன்னொன்று, பொத்தான் வடிவில் உள்ள சின்ன பேட்டரி. விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொண்டைக் குழாயைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். என் கடையில் மின்னும் விளையாட்டுச் சாமான் விற்கிறேன். பேட்டரி மூடிக்குத் திருகாணி இல்லாதவற்றை இப்போது வாங்குவதை நிறுத்திவிட்டேன். குளியலறை வாளியில் நாலு விரல் தண்ணீர் நின்றாலும் தவழும் குழந்தைக்கு அது குளம்தான்.

நோய் விஷயத்தில் குற்றம் பெரும்பாலும் நம்முடையது. கை, கால், வாய் நோய் என்ற கொப்புள நோய் 1997இல் சரவாக்கில் பரவியபோது பல குழந்தைகள் இறந்தார்கள். அந்தக் கிருமி, கொப்புளம் ஆறிய பிறகும் மலத்தில் வாரக்கணக்கில் இருக்கும். ஆகையால் டயப்பர் மாற்றும் மேசையை ஒவ்வொரு முறையும் குளோரின் கலந்த நீரால் துடைக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கையில் தடவும் ஸ்பிரிட்டு மருந்து இந்தக் கிருமிக்கு அவ்வளவாகப் பலிக்காது. இதையெல்லாம் மையம் செய்கிறது என்று வையுங்கள். காலை ஆறரை மணிக்கு என் கடையில் காய்ச்சல் மருந்து வாங்கி, காரிலேயே பிள்ளைக்கு ஊற்றி, உடம்பு குளிர்ந்ததும் மையத்தில் விட்டுவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்வது? அவர்களுக்கும் லீவு கிடைக்காது; எனக்கும் தெரியும். நான் மருந்தை விற்கிறேன், வாயை மூடிக்கொள்கிறேன். இனி மூடுவதில்லை என்று எண்ணியிருக்கிறேன்.

வருகைப் புத்தகம் என்று ஒன்று உண்டு. பிள்ளை வரவில்லையென்றால் அரை மணிக்குள் பெற்றோருக்குப் போன் செய்யும் மையம் நல்ல மையம். பின்சீட்டில் தூங்கிய பிள்ளையை மறந்து காரைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போன தகப்பன்மார் நம் நாட்டிலும் உண்டு. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிஷத்தில் பத்து டிகிரி அளவுக்குச் சூடு ஏறும். அந்த ஒரு போன் ஓர் உயிர். அவ்வாறே மாலையில் பிள்ளையை அழைத்துப் போக யார் யார் வரலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளும் இடத்தில், ‘என்னைத் தெரியாதா?’ என்று சண்டை போடாதீர்கள்.

இத்தனையும் உயிரைக் காப்பது. பிள்ளை அறிவு வளர்வது வேறு சங்கதி. பெற்றோர் பலர் மூன்று வயதிலேயே எழுத்து எழுதவில்லை என்று மையத்தைக் குறை சொல்கிறார்கள். கல்வி அமைச்சின் பாலர் பள்ளிப் பாடத்திட்டமே விளையாட்டு வழியாகக் கற்பதைச் சொல்கிறது. 2013இல் பாலர் பள்ளிகள் தங்களைத் தாங்களே மதிப்பிட்டுக்கொள்ளத் தேசியத் தர அளவுகோல் ஒன்றும் வந்தது. ஆனால் அளவுகோல் கையில் இல்லாத நம்மைப் போன்றவர்கள் ஒன்று செய்யலாம். சொல்லாமல் கொள்ளாமல் பகல் பத்து மணிக்குப் போய்ப் பத்து நிமிஷம் நில்லுங்கள். பெரியவர்கள் பிள்ளைகளின் உயரத்துக்குக் குனிந்து பேசுகிறார்களா? பிள்ளை கேட்டதற்குப் பதில் வருகிறதா? அல்லது எல்லாரும் டெலிவிஷன் முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்களா? உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி, இரண்டு வயது வரை திரையே வேண்டாம். இரண்டு முதல் நாலு வரை நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது. ஓடியாடுவதற்கு மூன்று மணி நேரமாவது வேண்டும். உள்ளே விடமாட்டோம் என்று சொல்லும் இடமானால் அந்தப் பதிலே போதும்.

அந்த வயதான அம்மாளின் விஷயம் பாக்கியிருக்கிறது. அவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனமில்லை, விட்டுவிடவும் மனமில்லை. 2019இல் என் மனைவியும் நானும் அவர் வீட்டுக்குப் போய், அன்று நான் வாய் திறக்காததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். முதலில் அவருக்குக் கோபம், பிறகு அழுகை. மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்கு என் மகள் அவரைக் கூட்டிப்போனாள். படிவம், பயிற்சி, சுகாதாரப் பரிசோதனை என்று பல மாதம் ஓடியது. இடையில் இரண்டு தடவை ‘வேண்டாம் தம்பி’ என்று விட்டுவிடப் பார்த்தார். இப்போது வீட்டு மையமாகப் பதிந்து, உதவிக்குத் தம் மருமகளையும் வைத்துக்கொண்டு நடத்துகிறார். கட்டணத்தை ஏற்றிவிட்டார், இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டன. போன வாரம் அரிசி மூட்டை இறக்கப் போனபோது கவனித்தேன்: சாவி கதவோரத்து ஆணியில் தொங்குகிறது.