ஏபிஎஸ் விளக்கு எரிகிறதா? மெக்கானிக்கிடம் போகும் முன் வீட்டிலேயே பார்க்க 18 குறிப்புகள்

மழை தொடங்கிச் சில வாரம் ஆனதும் மும்பை முலுண்ட் சொசைட்டி பார்க்கிங்குகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "ஏபிஎஸ் லைட் அணையவே மாட்டேங்குது. கூடவே வழுக்கி ஓடுற கார் படம் போட்ட லைட்டும் எரியுது." இரண்டு மூன்று விளக்குகள் ஒன்றாக எரிந்ததும் பிரேக்கே போய்விட்டதோ, ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டுமோ என்று மனம் பதறும்.

பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ், சக்கரம் வீணாகச் சுழலாமல் காக்கும் ட்ராக்‌ஷன் கண்ட்ரோல், வளைவில் வண்டி தடம் மாறாமல் காக்கும் இஎஸ்சி ஆகிய மூன்றையும் ஒரே யூனிட்தான் இயக்குகிறது. சக்கரத்தின் வேகத்தைச் சொல்லும் நான்கு சென்சார்களும் மூன்றுக்கும் பொது. ஒரு சென்சாரின் வயர் அறுந்தால் மூன்றும் சேர்ந்து வேலையை நிறுத்தும், மூன்று விளக்கும் எரியும். கோளாறு ஒன்றாகவே இருக்கலாம். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், இந்த அறிவு கார் உள்ள எல்லா வீட்டுக்கும் தேவை. செலவில்லாத சோதனையில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஓட்டலாமா, கூடாதா?

1. முதலில் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வழக்கம்போல் பிடிக்கும். ஆனால் ஈரச் சாலையில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கலாம். முன்வண்டிக்கு நிறைய இடைவெளி விட்டு மெதுவாக ஓட்டுங்கள். சிவப்பு பிரேக் விளக்கும் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம். முன் பின் சக்கரங்களுக்கு பிரேக் விசையைப் பிரித்துத் தரும் வேலையும் நின்றிருக்கக்கூடும். அந்நிலையில் பின்சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி சுழன்றுவிடும். டோ வண்டியை வரவழையுங்கள்.

2. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தால் ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் பேட் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது எங்கோ கசிய வேண்டும். சக்கரங்களின் உட்புறம் ஈரமாக இருந்தால் கசிவுதான். காரணம் தெரியாமல் ஆயிலை ஊற்றி விளக்கை அணைப்பது ஆபத்து.

3. பெடலை மிதித்துப் பாருங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, கெட்டியாகும்வரை சில முறை மிதியுங்கள். பிறகு சீராக அழுத்தியபடியே காத்திருங்கள். பெடல் மெல்லக் கீழே இறங்கினால் கோளாறு வயரிங்கில் இல்லை, ஆயில் ஓடும் பாதையில் இருக்கிறது. வீட்டுச் சோதனையை அத்துடன் நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.

கருவியே இல்லாமல் செய்யும் சோதனைகள்

4. எரிகிறதா, சிமிட்டுகிறதா? சேற்றிலோ ஈர ஏற்றத்திலோ வழுக்கும் கார் படம் சிமிட்டினால் ட்ராக்‌ஷன் கண்ட்ரோல் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். நிலையாக எரிந்தால்தான் கோளாறு. படத்துடன் 'ஆஃப்' என்ற எழுத்தும் தெரிந்தால், டாஷ்போர்டில் உள்ள பொத்தானில் யாருடைய கையாவது பட்டிருக்கலாம். மறுபடி அழுத்திப் பாருங்கள்.

5. எப்போது எரிகிறது என்று எழுதி வையுங்கள். சாவி போட்டதும் இவ்விளக்குகள் சில நொடி எரிந்து அணைவது வழக்கம். அணையாமலே இருந்தால் ஃபியூஸ், வயர், கனெக்டர் போன்ற மின்பாதையைச் சந்தேகியுங்கள். அணைந்து, வண்டி நகர்ந்தபின் மீண்டும் எரிந்தால் ஏதோ ஒரு சக்கரத்தின் வேகக் கணக்கு மற்றவற்றோடு ஒத்துவரவில்லை. பள்ளத்தில் இறங்கும்போதோ ஸ்டியரிங்கைத் திருப்பும்போதோ மட்டும் எரிந்தால் சக்கரத்துக்குப் போகும் வயர் உள்ளே முறிந்திருக்கலாம். மழையில் மட்டும் எரிந்தால் கனெக்டரில் தண்ணீர் இறங்குகிறது. இந்தக் குறிப்பு மெக்கானிக்கின் பாதி வேலையைக் குறைக்கும்.

6. நான்கு டயரையும் ஒப்பிடுங்கள். காற்று மிகக் குறைந்த டயரும், அளவில் சிறிய டயரும் மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். அதைக் கோளாறென்று யூனிட் எடுத்துக்கொள்ளலாம். பல கார்களில் ஸ்டெப்னி மற்ற நான்கைவிடச் சிறியது. பஞ்சருக்குப் பிறகு அதையே மாட்டி ஓடிக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

7. பேட்டரியைச் சந்தேகியுங்கள். வாரம் முழுக்க லோக்கல் ரயிலில் ஆபீஸ் போய்விட்டு, ஞாயிறன்று செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்கோ மாதுங்காவுக்கோ மட்டும் எடுக்கும் காரில் பேட்டரி சரியாகச் சார்ஜ் ஏறாது. ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் அதிகம் சரிந்தால் ஏபிஎஸ் விளக்கு எரியும். இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.4 முதல் 12.7 வோல்ட் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.5 வரை இருக்கலாம். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் துடைத்து இறுக்குங்கள். பாடியில் எர்த் வயர் சேரும் இடம் துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

8. பிரேக் லைட்டைப் பாருங்கள். வாட்ச்மேனையோ வீட்டில் ஒருவரையோ பின்னால் நிற்கச் சொல்லிப் பெடலை மிதியுங்கள். மிதித்தும் விளக்கு எரியாவிட்டாலும், காலை எடுத்தும் அணையாவிட்டாலும், பல்பு நன்றாக இருந்தால், பெடலுக்கு மேலே உள்ள சிறிய ஸ்விட்ச்தான் காரணமாக இருக்கும். பிரேக் மிதித்த தகவல் இந்த ஸ்விட்ச் வழியாகவும் போவதால், அது கெட்டால் ட்ராக்‌ஷன் விளக்கும் எரியக்கூடும். விலை குறைந்த பாகம் இது.

9. அண்மையில் என்ன வேலை பார்த்தீர்கள்? பேட்டரியைக் கழற்றினாலோ வீல் அலைன்மென்ட் செய்தாலோ, ஸ்டியரிங்கின் நேர்நிலை எது என்பதில் யூனிட்டுக்குக் குழப்பம் வரும். சில கார்களில் எஞ்சின் ஓட, ஸ்டியரிங்கை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி, பிறகு நேராகச் சிறிது தூரம் ஓட்டினால் விளக்கு அணையும். மற்றவற்றில் ஸ்கேனரால்தான் சரிசெய்ய முடியும். வீல் பேரிங் மாற்றிய மறுநாளே விளக்கு வந்தால், காந்தப் பட்டை உள்ள பக்கத்தைத் திருப்பி மாட்டினார்களா என்று கேளுங்கள்.

பானெட்டும் சக்கரமும்

10. ஃபியூஸ். ஏபிஎஸ் அமைப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஃபியூஸ் உண்டு. மோட்டாருக்கான பெரியவை பானெட்டுக்குள்ளும், சிறியது பெரும்பாலும் டாஷ்போர்டின் கீழும் இருக்கும். வண்டியுடன் வந்த கையேட்டில் இடம் போட்டிருக்கும். சாவியை எடுத்துவிட்டுப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் உள்ளதை மட்டும் போடுங்கள். புதியதும் எரிந்தால் எங்கோ வயர் உரசி ஷார்ட் ஆகிறது. பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் வயரிங்கே தீப்பிடிக்கலாம்.

11. எலி கடித்த தடம். முலுண்டுக்கு மேற்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காடு, கீழே சாக்கடை, மேலே மழை. இப்படியிருக்க எலிகள் வெதுவெதுப்பான பானெட்டைத் தேடி வருவதில் வியப்பில்லை. எலிப் புழுக்கை, தேங்காய் நார், கடித்த பிளாஸ்டிக் துணுக்கு தென்பட்டால் வயர்களை ஒவ்வொன்றாகப் பின்தொடருங்கள். அறுந்ததை முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழையில் துருவேறிப் பழைய கோளாறு திரும்பும். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் ஈரம் புகாத இணைப்பாகச் செய்துகொள்ளுங்கள்.

12. சக்கர சென்சார். அதிகம் கெடுவது இதுதான். சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்கு முட்டு வைத்து, ஜாக்கியில் தூக்கிய பின் கனமான ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் உடம்பையோ கையையோ நுழைக்கக் கூடாது. சக்கரத்தைக் கழற்றினால் ஹப்பின் அருகே விரல் பருமனில் சென்சாரும் அதிலிருந்து போகும் வயரும் தெரியும். கட்டுமானப் பணி நடக்கும் சாலைகளின் சிமென்ட் சேறும், பிரேக்கிலிருந்து தேயும் இரும்புத் தூளும் அங்கே அப்பிக்கொள்ளும். மென்மையான பிரஷ்ஷாலும் பிரேக் கிளீனராலும் துடையுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், கிரீஸ் வேண்டாம்.

13. கனெக்டர். சாவியை எடுத்துவிட்டு, கிளிப்பை அழுத்தி மெல்லப் பிரியுங்கள். பின்களில் பச்சை பூத்திருந்தால் அதுவே கோளாறாக இருக்கலாம். காண்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாக உலர்ந்த பிறகு 'டக்' என்ற ஒலி கேட்கும்வரை அழுத்தி மாட்டுங்கள். ரப்பர் வாஷர் உள்ளே சரியாக அமர்ந்திருக்க வேண்டும். மஞ்சள் நிறக் கனெக்டர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குடையவை. அவற்றைத் தொடவே வேண்டாம்.

மீட்டரும் ஸ்கேனரும்

14. மல்டிமீட்டரை எங்கே வைக்கலாம்? லாமிங்டன் ரோட்டில் வாங்கும் சாதாரண மீட்டரே போதும். ஆனால் சென்சாரில் இரண்டு வகை உண்டு. பழைய காயில் வகை பெரும்பாலும் ஏறத்தாழ 800 முதல் 2,500 ஓம்வரை காட்டும். மீட்டர் முடிவிலி காட்டினால் உள்ளே அறுந்துவிட்டது. புதிய கார்களில் உள்ள மின்சாரம் ஏற்ற வேண்டிய வகையை ஓம் மீட்டரால் சோதிக்கக் கூடாது, கெட்டுப்போகலாம். எந்த வகை என்று தெரியாவிட்டால் சென்சாரை விட்டுவிடுங்கள். இரு முனையும் கழற்றிய வயரில் மட்டும் தொடர்ச்சி பாருங்கள். பார்க்கும்போதே வயரை அங்கங்கே மெல்ல வளைத்தால் உள்முறிவு வெளிப்படும்.

15. ஸ்கேனர் வாங்குமுன் ஒன்றைக் கேளுங்கள். ஸ்டியரிங்கின் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் மாட்டும் மலிவு ஸ்கேனர்கள் பல எஞ்சின் கோளாறை மட்டுமே படிக்கும். அவை 'கோளாறு இல்லை' என்று காட்டுவதை நம்பிவிடாதீர்கள். ஏபிஎஸ் யூனிட்டைப் படிக்குமா, உங்கள் கார் மாடலுக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். பிரேக் கோளாறு எண்கள் 'சி' என்ற எழுத்தில் தொடங்கும். பல கார்களில் சி0035 முன் இடது சக்கர சென்சாரின் மின்பாதை, சி0040 முன் வலது. யு0121 என்றால் ஏபிஎஸ் யூனிட்டுடன் மற்ற யூனிட்டுகளுக்குத் தொடர்பு அறுந்துவிட்டது. ஃபியூஸையும் எர்த்தையும் மறுபடி பாருங்கள். இடது வலது என்பது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கும் கணக்கு.

16. எண்ணை அழிக்கும் முன் படம் எடுங்கள். பிறகு போக்குவரத்தில்லாத உள்சாலையில் மெதுவாக ஓட்டி, பக்கத்தில் இருப்பவரை ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று 20 காட்ட, ஒன்று பூஜ்யத்திலேயே நின்றால் ஆளைப் பிடித்தாயிற்று. அந்த எண் சென்சாரைச் சொல்கிறது என்பதற்காகச் சென்சாரைத்தான் மாற்ற வேண்டும் என்றில்லை. வயர், கனெக்டர், சக்கரத்தின் பல்வளையம் எதுவாகவும் இருக்கலாம்.

மழைக்கும் பயணத்துக்கும்

17. தண்ணீரில் நின்ற வண்டி. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பெய்து நகரமே மூழ்கியது. அவ்வளவு பெய்யாவிட்டாலும் குர்லா, மாதுங்கா காந்தி மார்க்கெட் பக்கம் தண்ணீர் தேங்குவது ஆண்டுதோறும் நடப்பதுதான். சக்கரத்தின் பாதிவரை தண்ணீரில் ஓட்டியிருந்தால் மறுநாள் கனெக்டர்களைக் காயவையுங்கள். காருக்குள்ளேயே தண்ணீர் புகுந்திருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரியைக் கழற்றச் சொல்லி, டோ செய்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் உடனே தெரிவியுங்கள்.

18. ஊருக்குக் கிளம்பும் முன். திருநெல்வேலி, தூத்துக்குடிவரை குடும்பத்தோடு காரில் போகிறவர்கள் வழியில் மலைப்பாதையில் நிறைசுமையோடு இறங்க வேண்டியிருக்கும். விளக்கு எரியும் வண்டியை அங்கே கொண்டுபோகாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறினால் அது 155 டிகிரிவரை இறங்கலாம், சூட்டில் பெடல் பஞ்சுபோல் அமுங்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குங்கள்.

இவற்றைப் பார்த்த பிறகும் கோளாறு பிடிபடாவிட்டால் அங்கே நிறுத்துங்கள். ஏபிஎஸ் யூனிட்டைக் கழற்றுவதும் பிரேக் பைப்பைப் பிரிப்பதும் வீட்டில் செய்யும் வேலையல்ல. உள்ளே காற்றுப் புகுந்தால் அதை வெளியேற்றப் பல கார்களில் ஸ்கேனரே வேண்டும். விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டுவதும் பல்பைக் கழற்றுவதும், அந்த வண்டியில் ஏறும் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் செய்யும் துரோகம். எழுதி வைத்த குறிப்பையும் எடுத்த படத்தையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். யூனிட்டை மாற்ற வேண்டும் என்று சொன்னால், ஃபியூஸ், எர்த், சென்சார், வயர் நான்கையும் சோதித்தீர்களா என்று மரியாதையோடு கேளுங்கள். தெரிந்து கேட்கும் கேள்வி உங்கள் பணத்தையும் காக்கும், வண்டியில் வருவோர் உயிரையும் காக்கும்.