பெயர் பெறும் கணினி

மாயப்பசு ஒன்று வீழ்ந்து மலையானது என்னும் திருவிளையாடற் புராணக் கதை, மதுரையை அடுத்த பசுமலையின் பெயர்க் காரணமாகக் கூறப்படுகிறது. ஊருக்கும் மலைக்கும் பெயரிட்ட மாந்தர், இன்று கணினிக்கும் பெயரிடுகின்றனர். வலையமைப்பில் ஒரு கணினியை இனங்காட்டுவது எண்களால் ஆன ஐபி முகவரி. மாந்தர் நினைவில் நிற்பதோ பெயர். லினக்ஸ் கணினி அப்பெயரை எவ்வாறு பெறுகிறது?

தன்னிடம் உள்ள பெயர்

டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சிடாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இயங்குதளம் பாஸ். தமிழ்நாடு அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளிலும் அது இடம்பெற்றது. இத்தகைய இயங்குதளத்தை நிறுவும்போது நாம் சூட்டும் பெயர், 'இடிசி' கோப்புறையில் 'ஹோஸ்ட்நேம்' என்னும் கோப்பில் எழுதப்படுகிறது. கணினி தொடங்கும்போதெல்லாம் அக்கோப்பைப் படித்துத் தன் பெயரை அறிந்துகொள்கிறது. இது நிலையான பெயர்.

வலையமைப்பு தரும் பெயர்

கோப்பில் பெயர் இல்லையெனில், ஐபி முகவரியை அளிக்கும் டிஎச்சிபி வழங்கி பெயரையும் உடன் அனுப்பலாம். இது தற்காலிகப் பெயர். நிலையான பெயர் இருப்பின் பொதுவாக அதுவே முந்தும்.

பசுமலைப் பள்ளி ஒன்றின் ஆய்வகத்தில் 30 கணினிகள் உள்ளன எனக் கொள்வோம். ஒன்றில் நிறுவியதை ஏனைய 29 கணினிகளிலும் அப்படியே படியெடுத்தால், பெயர்க்கோப்பும் படியாகும். 30 கணினிகளும் ஒரே பெயரைச் சொல்லும். பிழைச்செய்தியைப் பெயர்கொண்டு தேடும் ஆசிரியர், அது எந்தக் கணினியினுடையது என அறிய இயலாது. கோப்புகளை நீக்கி, ஒவ்வொரு கணினியின் வன்பொருள் முகவரிக்கும் தனிப்பெயர் அனுப்புமாறு டிஎச்சிபி வழங்கியை அமைத்தால் இக்குழப்பம் தீரும்.

பிறர் அறியும் பெயர்

தன் பெயரைத் தான் அறிந்தால் மட்டும் போதாது. பிறரும் அறிதல் வேண்டும். பெயரையும் ஐபி முகவரியையும் இணைத்து டிஎன்எஸ் வழங்கியில் பதிந்தால், பிற கணினிகள் அப்பெயரைக் கொண்டே அதனை அடையும். இவ்வாறு வழங்கும் பெயரில் ஆங்கில எழுத்துகள், எண்கள், இடைக்கோடு ஆகியவையே இடம்பெறும். ஆயினும் திரையில் காட்டுவதற்கென அழகுப்பெயர் ஒன்றையும் லினக்ஸ் ஏற்கிறது. அதில் 'வைகை' எனத் தமிழிலேயே எழுதலாம்.

கற்பவை கற்றபின்

உம் பள்ளி ஆய்வகக் கணினிகளின் பெயர்களைத் தொகுத்து, அவற்றை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என வகைப்படுத்துக.