வைகறை விழித்தோரும் பகல் துயிலும்

தமிழ் இலக்கண நூலார் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுப்பர். ஒவ்வொன்றும் பத்து நாழிகை. அஃதாவது நான்கு மணி நேரம். அவற்றுள் இரவு 2 மணி முதல் 6 மணி வரையிலான வைகறை, மருதத் திணைக்கு உரியது. சீர்காழியைச் சூழ்ந்த காவிரிப் படுகையோ மருத நிலம். ஊர் துயிலும் அப்பொழுதில் நமக்காக விழித்திருப்போருள் செவிலியர் தலையாயோர்.

2005ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய ஊரக நலவாழ்வுத் திட்டத்தின் பயனாகத் தமிழக ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர் முறைவைத்து இரவும் பகலும் மகப்பேறு பார்க்கும் ஏற்பாடு பரவியது. ஒருவருக்கு எட்டு மணி நேரம். ஒருவர் விடுப்பெடுப்பின், மற்ற இருவருக்கும் அது பன்னிரண்டு மணியாகிவிடும்.

நம் உடலுள் ஒரு கடிகாரம் இயங்குகிறது. அதன் இயக்கத்தைப் பழ ஈக்களில் ஆராய்ந்து விளக்கிய அமெரிக்க அறிஞர் மூவர் 2017இல் நோபல் பரிசு பெற்றனர். இருள் சூழ்ந்ததும் மூளையில் மெலடோனின் என்னும் சுரப்பு பெருகி உறக்கத்தை அழைக்கிறது. வைகறையில் உடல் வெப்பம் மிகத் தாழ்கிறது. விழிப்புணர்வும் உடன் தாழ்கிறது. மருந்தின் அளவு பிறழ்வதற்கு ஏதுவான வேளை அதுவே. நீண்ட தொடர்பணி புரிந்த பயிற்சி மருத்துவரிடம், பணிநேரம் குறைக்கப்பட்ட முறையைக் காட்டிலும் கடும் பிழைகள் 36 விழுக்காடு மிகுந்திருந்தமையை 2004இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. ஆகவே, செவிலியரின் உறக்கம் நோயாளியின் பாதுகாப்புமாகும்.

இதற்குச் செய்யத்தக்கன யாவை? பணிமுறை காலை, மாலை, இரவு என முன்னோக்கிச் சுழலவேண்டும். பலரது உடற்கடிகாரம் 24 மணியினும் சற்று நீண்டதாதலின், பின்னோக்கிய சுழற்சியினும் இஃது எளிது. இரவுப் பணியிடையே இருபது நிமிடக் கண்ணயர்வுக்கு இடந்தரல் நன்று. காபி, தேநீரைப் பணியின் முற்பகுதியோடு நிறுத்துதல் வேண்டும். விடிந்து வீடு திரும்புகையில் கருப்புக் கண்ணாடியும், உறங்கும் அறையில் தடித்த திரையும் உதவும். கண் செருகும் நிலையில் இருசக்கர வண்டி ஓட்டலாகாது.

எஞ்சியது இல்லத்தார் கடமை. பகலில் உறங்குவாரைச் சோம்பர் எனல் நம் வழக்கம். இரவெல்லாம் பிறர் மகவை ஏந்தி நின்ற மருமகளை, உலை வைப்பதற்கென ஒன்பது மணிக்கு எழுப்புதல் முறையாகுமா? அவள் உறங்கி எழும்வரை அடுப்படியைப் பிறர் ஏற்கட்டும். தெரு ஒலிபெருக்கி சற்றே தாழட்டும். பெரியோர் இதனை முன்னின்று செய்வாராயின், இளையோர் பின்பற்றுவர். நமக்காக விழித்தவர் துயிலை நாம் காப்பது நன்றிக்கடனேயாகும்.