இளமைத் துயரும் குமரப் பருவமும்

சிறு வயதில் பட்ட துயரம் வளர்ந்ததும் மறைந்துவிடும் என்று பலரும் எண்ணுகிறோம். உளநூல் பயிலும் மாணவன் என்ற முறையில், இவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பதைச் சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955-ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். வறுமை, பிறப்பின்போது நேர்ந்த இடர், பெற்றோரின் பூசல், குடி, மனநோய் போன்ற கேடுகளுள் நான்கோ அதற்கு மேலோ 2 வயதுக்குள் சூழப்பெற்ற குழந்தைகளைத் தனியே நோக்கினர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் 10 வயதுக்குள் கல்வியிலோ நடத்தையிலோ இடர்ப்பட்டனர். அல்லது 18 வயதுக்குள் குற்றத்திலோ மனநலக் குறைவிலோ சிக்கினர்.

காரணம் யாது? அச்சம் நீங்காத வீட்டில் குழந்தையின் உடலும் உள்ளமும் ஆபத்தையே எதிர்பார்த்துப் பழகுகின்றன. அப்பழக்கம் குமரப் பருவத்தில் உறக்கமின்மையாகவும் சினமாகவும் சோர்வாகவும் வெளிப்படலாம்.

எஞ்சிய ஒரு பங்கினரோ நன்கு வளர்ந்தனர். பெற்றோருள் ஒருவரோ, பாட்டியோ, தமக்கையோ, ஆசிரியரோ, நம்பத்தக்க ஒருவரேனும் அவர்களுக்குத் துணையாக நின்றதை ஆராய்ச்சியாளர் கண்டனர்.

ஆகவே, நண்பர்களே! விடுதியில் ஒதுங்கியிருக்கும் தோழனைச் சிடுமூஞ்சி என்று தள்ளிவிடாதீர்கள். உணவுக்கு உடன் அழையுங்கள். அவன் பேசினால் பொறுமையாகக் கேளுங்கள். வேண்டுமாயின் மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். நடுவணரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசியில் (14416) தமிழிலும் பேசலாம். பிற மாநிலத்தில் பயிலும் நமக்கு, மனக்குறையைத் தாய்மொழியில் சொல்ல முடிவதே பெரிய ஆறுதலன்றோ?