மரத்தகடு ஒட்டுவதற்கேற்ற பசையைத் தெரிந்தெடுத்தல்

விலையுயர்ந்த மரத்தை மெல்லிய தகடாகச் சீவி, எளிய பலகையின்மீது ஒட்டி, மேசையும் அலமாரியும் கதவும் அமைக்கும் முறையை வெனீர் வேலை என்பர். முழுத் தேக்குப் பலகை வாங்க இயலாத பள்ளிகளுக்கும் குடும்பங்களுக்கும் இது பெரிதும் உதவுவதாகும். எனினும் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரங்களில் கோடையில் ஒட்டிய தகடு, மழைக்காலம் வந்ததும் கொப்புளம்போல் எழும்பி ஓரங்களில் பிரிவதுண்டு. அப்போது பொருளின் சொந்தக்காரர் தச்சரைக் குறை கூறுவார். தச்சரின் கூலி நின்றுபோகும். குற்றம் பெரும்பாலும் கைத்திறனில் இல்லை; இடத்திற்கு ஒவ்வாத பசையை எடுத்ததிலும் மரத்தின் ஈரத்தைக் கவனியாததிலுமே உள்ளது.

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தில் சேர்ந்தது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. காற்றின் ஈரம் இந்த எல்லையை அறியாது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் பகுதி இது. ஆகையால் இங்குக் கூறுவன களியக்காவிளைக்கு இரு புறத்திலுள்ள ஊர்களுக்கும் பொருந்தும்.

மரம் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்றும் வெளியிட்டும் சமநிலை அடையும் இயல்புடையது. காற்றின் ஈரப்பதன் 65 சதவீதமாக இருக்கையில் மரத்தின் ஈரம் ஏறக்குறைய 12 சதவீதமாகவும், காற்றில் 80 சதவீதமாகும்போது மரத்தில் ஏறக்குறைய 16 சதவீதமாகவும் நிற்கும். ஈரம் ஏறினால் மரம் நாருக்குக் குறுக்கே விரியும், குறைந்தால் சுருங்கும். அவ்விழுப்பை ஆண்டுதோறும் தாங்குவது பசைப் படலமே. உலர்ந்த நிலையில் பசைக்குள்ள வலிமையை மட்டும் பார்த்து அதைத் தெரிந்தெடுப்பது இதனாலேயே போதாது.

பழைய தச்சர்கள் கையாண்டது தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சிய வச்சிரப்பசை. வச்சிரம் என்ற பெயர் உறுதியைக் குறிப்பதாயினும் நீரின்முன் இப்பசை இளகிவிடும். இப்பெயர் வைத்தவர் மழையில்லா நாட்டவரோ என்று ஐயுறத் தோன்றுகிறது! இதனைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, நீர்க்கொதிகலத்தின் நடுவே வைத்து, 60 டிகிரி சென்டிகிரேடு அளவில் உருக்க வேண்டும். நேரே அடுப்பிலேற்றிக் கொதிக்கவிட்டால் வலிமை குன்றும். ஆயினும் சூடும் ஈரமும் கொடுத்துத் தகட்டை மீண்டும் பெயர்க்கலாம் என்பதால், பழம்பொருள்களைப் பழுதுபார்ப்பதற்கு இதனினும் நல்லது இல்லை. பாலிலிருந்து பெறும் கேசின் பசை சுண்ணாம்பு சேர்ப்பதால் நீரைச் சிறிது தாங்கும். ஆனால் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் 1940களில் தாவரப் புரதப் பசைகளும் ஆராயப்பட்டன. இந்திய ஒட்டுப்பலகைத் தொழில் தேயிலைப் பெட்டிகளை நம்பி வளர்ந்த காலம் அது.

கடைகளில் எளிதில் கிடைக்கும் வெள்ளைப் பசை பாலிவினைல் அசிடேட் என்னும் ரசாயனத்தால் ஆனது. வீட்டினுள் நிற்கும் அலமாரிக்கும் பள்ளி மேசைக்கும் இது போதும். கையாளச் சுலபம், நச்சாவியும் இல்லை. ஆனால் வெயில் தாக்கும் சன்னலோரத்திலும் அடுப்பங்கரையிலும் இளகும். ஓயாத இழுப்பிற்குட்பட்டால் மெல்ல நகர்ந்துகொடுக்கும். நீர்தாங்கும் வகை என்று விற்கப்படுவதையும் ஒட்டிப் பார்த்த பின்பே நம்புதல் நன்று.

யூரியா-பார்மால்டிஹைடு பிசின் இறுகினால் கெட்டியாகும், நகராது. கூட்டுப் பொருள் கலந்தபின் வெப்ப நாளில் விரைவில் உறைந்துவிடுமாதலால் சிறுகச் சிறுகக் கலக்க வேண்டும். நெடுநாள் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இதுவும் சிதையும். இதிலிருந்து வெளிப்படும் பார்மால்டிஹைடு ஆவியைப் புற்றுநோய் விளைவிப்பதென 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியது. எனவே மாணவர் கூடும் தொழிற்கூடத்தில் இதனைப் பயன்படுத்தாமலிருப்பதே மேல் என்பது எம் கருத்து. பெரியவர்கள் பயன்படுத்தினாலும் காற்றோட்டம் வேண்டும்.

மழை நேரே படும் வாயிற்கதவிற்குப் பீனால்-பார்மால்டிஹைடே உரியது. அதனை இறுக்கச் சூடான அழுத்து யந்திரம் தேவை. கிராமப் பட்டறையில் அது இயலாது. ஆகவே அத்தகைய கதவிற்கு ஆலையில் செய்த பலகையை வாங்குவதே தக்கது. கடல்துறைப் பலகைக்கான இந்திய தர நிர்ணயம் 710, ஒட்டு 72 மணி நேரம் கொதிநீரில் பிரியாதிருக்க வேண்டுமெனக் கூறுகிறது. ரெசார்சினால் பிசின் சூடின்றியே இறுகும். நீரையும் நன்கு தாங்கும். விலையும் கருஞ்சிவப்புக் கறையுமே அதன் குறைகள்.

எப்பசையாயினும் மரம் ஈரமாயிருந்தால் பயனில்லை. இதனை ஆசிரியர்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே கண்டறியலாம். சிறு மரத்துண்டை நிறுத்து, 103 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி மீண்டும் நிறுக்க வேண்டும். 115 கிராம் 100 கிராமாகக் குறைந்தால் ஈரம் 15 சதவீதம். 12க்கு மேற்பட்டதை ஒட்டாமல் காயவிடுதல் நலம். இவ்வட்டாரத்தில் மிகுதியாகக் கிடைக்கும் ரப்பர் மரத்தை அடிப்பலகையாகக் கொள்வோர், வெட்டிய சில நாட்களுக்குள் போரான் மருந்திட்டு உலர்த்த வேண்டும். தவறினால் நீலக்கறையும் புழுவும் பற்றும். ஒரு பக்கம் மட்டும் தகடு ஒட்டினால் பலகை வளையுமாதலால் பின்புறத்திலும் ஒரு மலிவுத் தகடு ஒட்டுக. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுமுன் மேற்பரப்பைத் தேய்த்துத் துடைத்தல் அவசியம்.

பெருவேலை தொடங்குமுன் ஒரு துண்டை ஒட்டி ஒரு வாரம் வைத்திருங்கள். பின்னர் இரவு முழுதும் நீரில் ஊறவைத்துப் பகலில் உலர்த்துங்கள்; இவ்வாறு மும்முறை செய்தபின் கத்தி முனையால் நெம்புங்கள். மரநார் கிழிந்து வந்தால் பசை மரத்தைவிட வலியது. தகடு வழுவழுப்பாகத் தனித்துப் பெயர்ந்தால் அப்பசையை வீட்டினுள் உலர்ந்த இடத்திற்கு மட்டுமே கொள்க.